பரிவட்டத்துக்கு அவசரம்

வருஷா வருஷம் அந்த ஆங்கில நாடகத்தை வகுப்பில் நடத்தும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும். நாடகத்தின் மேல் கோபமில்லை, பிள்ளைகள் எழுதும் விடையின் மேல். கதை ஒன்றும் சிக்கலானது இல்லை. சண்டையில் ஜெயித்துத் திரும்பும் ஒரு தளபதியிடம் மூன்று சூனியக்காரிகள், நீ ராஜாவாகப் போகிறாய் என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி தூபம் போடுகிறாள். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து நம்பித் தூங்கும் ராஜாவை அவன் குத்திக் கொல்கிறான். யார் குற்றவாளி என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் மனைவி என்று எழுதுகிறார்கள். மிச்சப் பேர் சூனியக்காரிகள் என்கிறார்கள். கத்தி யார் கையில் இருந்தது என்று கேட்டால், "அவன் பாவம் மிஸ்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

இந்தப் "பாவம்" என்ற சொல்லை என் சொந்தத் தெருவிலேயே, என் சொந்த அண்ணனைப் பற்றிக் கேட்டவள் நான். அதனால் எனக்குப் பொறுமை கிடையாது.

நான் பிறந்தது காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில். கல்யாணமாகி செவிலிமேட்டுக்கு வந்துவிட்டாலும் ஆடி பிறந்தால் அங்கேதான் கிடப்பேன். தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்வது எங்கள் குடும்பத்து மூத்த ஆணின் உரிமை. மஞ்சள் தோய்த்த கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால், திருவிழா முடிகிற வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கல்யாணமோ சாவோ, எதுவாக இருந்தாலும் கூடாது. தாண்டினால் காப்பு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கடைசி நாள் அம்மன் வீதி உலா வரும்போது அவர் தலையில்தான் பரிவட்டம், அவருக்குத்தான் முதல் மரியாதை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது பெரியப்பாவின் தலை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். என்னையும் அண்ணனையும் ஆளாக்கியது இந்தப் பெரியப்பாதான். தறியில் உட்கார்ந்து சம்பாதித்ததில் எங்களுக்கும் சோறு போட்டார்.

அவருக்கு மகன் கிடையாது, ஒரே பெண், மாகறலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அப்படியென்றால் அவருக்குப் பிறகு காப்பு யாருக்கு? அண்ணனுக்குத்தான். இதில் போட்டியே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானாக வந்து சேரும்.

ஆனால் அண்ணனுக்கு அவசரம். பட்டுக்கடை நன்றாக ஓடியது, அடுத்தது வார்டு கவுன்சிலர் ஆசை. பரிவட்டம் கட்டிய படத்தை பேனரில் போட்டால் தெருவே ஓட்டுப் போடும் என்று யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஆடி வெள்ளியில் சாமி வந்து ஆடிய ஒரு அம்மாள் அவன் தலையில் வேப்பிலையால் அடித்து, "உன் தலையில பரிவட்டம் ஏறப்போவுதுடா மகனே" என்றாள். பக்கத்துத் தெருவில் பட்டு நூல் இழைத்துப் பிழைக்கிறவள் அவள். மறுநாள் நான் விசாரித்தபோது, என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாதே என்று சிரித்தாள். இந்த வருஷம் என்று அவள் சொல்லவில்லை. எப்படி என்றும் சொல்லவில்லை. சொல்லாத இரண்டையும் சேர்த்துக்கொண்டது என் அண்ணன்.

அண்ணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டுப் பெண், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவள் தூண்டியதும் அதட்டி இல்லை, இரக்கமாகத்தான். அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "பெரிய மாமாவுக்கு வயசாயிடுச்சி பாவம். அவ்ளோ தூரம் வெறுங்காலோட நடக்கறாரு. நீங்க தாங்கிக்கினா அவருக்குத்தான நல்லது" என்றாள். எனக்கு அன்றைக்கே எரிச்சல் வந்தது. அவர் நடப்பது அவருக்குப் பாரமாக இருக்கிறது என்று அவர் சொன்னாரா? அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்துக் கிடக்கிற மனுஷன் அவர். அண்ணன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டான்.

காப்புக் கட்டிய சில நாளில் ஒரு காலையில் பெரியப்பா வீட்டு வாசலில் அண்ணனின் கார் வந்து நின்றது. மாகறலில் அக்கா வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி, உடனே கிளம்புங்கள் என்றான். பெரியப்பா தறியிலிருந்து எழுந்து மணிக்கட்டைப் பார்த்தாராம். பாலாற்றுப் பாலம் தாண்டினால் எங்கள் எல்லை முடிந்தது. பெரியம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். அப்போது அண்ணன் கேட்டதைப் பெரியம்மா என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"பெத்த பொண்ண விட காப்பு பெருசா பெரியப்பா?"

இதற்கு எந்தத் தகப்பன் என்ன பதில் சொல்வான்? சட்டையைக்கூட மாட்டாமல் வண்டியில் ஏறிவிட்டார். பாலத்தின் மேல் போகும்போது கண்ணை மூடிக்கொண்டாராம்.

மாகறலில் அக்கா மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். கையில் காப்போடு வந்து நின்ற அப்பாவைப் பார்த்து அவளுக்குத்தான் மயக்கம் வந்தது. யாரோ போனில் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று அண்ணன் முடித்துக்கொண்டான். எந்த யாரோ என்று இன்று வரை தெரியாது. அவன் போனில் அந்தக் காலையில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

எனக்கு வயிறு எரிவது இதற்குக்கூட இல்லை. அவர்கள் போய் வந்ததை ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பெரியப்பா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் திருவிழா எப்போதும்போல நடந்திருக்கும். அவர் வீட்டுக்குள்ளேகூட நுழையவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனார், பூசாரியிடம் எல்லை தாண்டிவிட்டேன் என்றார், கையை நீட்டிக் காப்பை அவிழ்க்கச் சொன்னார். யார் கூட்டிப் போனது என்று கேட்டதற்கு, நான்தான் போனேன் என்றார். அவர் இதைத்தான் செய்வார் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அவர் பொய் சொல்ல மாட்டார் என்ற ஒன்றை நம்பித்தான் அவன் இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னான். அவர் வளர்த்த பிள்ளை ஆயிற்றே, அவரை அவ்வளவு அளந்து வைத்திருந்தான்.

அன்று சாயங்காலமே அதே கோயிலில் அண்ணன் கையில் காப்பு ஏறியது.

நான் போய்ச் சண்டை போட்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்றதற்கு, "அம்மன் வாக்கு பலிச்சிடுச்சி, நான் என்னாம்மா பண்றது" என்றான். விஷயம் மெல்லக் கசிந்து தெருவுக்குப் போனது. தெரு என்ன சொன்னது தெரியுமா? பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான், பாவம், நல்ல பிள்ளை என்றது. குழாயடியில் அண்ணி வந்தால் பேச்சு நின்றது. அண்ணன் வந்தால் டீ வந்தது. எனக்கும் அண்ணி மேல் கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கார் சாவி அவள் கையிலா இருந்தது? அந்தக் கேள்வியைப் பெரியப்பாவிடம் கேட்டது அவளா?

உலா நாள் வந்தது. அம்மன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். பரிவட்டம் கட்டியவர் குங்குமத் தட்டோடு முன்னால் வந்து வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். பெரியப்பா வீட்டு வாசலில் மேளம் நின்றது. அண்ணன் தட்டோடு நின்றான். பேனருக்குப் படம் எடுக்க வந்தவனும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

பெரியப்பா உள்ளேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்படி நிற்பது சாமி முன்னால், அல்லது தனக்கு மேலானவர் முன்னால். தூக்கி வளர்த்த பிள்ளையின் முன்னால் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். அண்ணன் அள்ளிக் கொடுத்த குங்குமத்தில் பாதி கீழே சிந்தியது. எனக்கு எதுக்கு பெரியப்பா இதெல்லாம் என்று முணுமுணுத்தான்.

"உனக்கு இல்லப்பா. பரிவட்டத்துக்கு" என்றார் பெரியப்பா. குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேளம் திரும்ப ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பரிவட்டத் துணியை மடித்துச் சாமி படத்தின் கீழே வைத்திருந்தார்கள். அவன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவன் என்னிடம் புலம்பினான். அவர் திட்டியிருந்தால் தேவலை, நாலு அறை விட்டிருந்தால் தேவலை, ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றான்.

"கேட்டிருந்தா என்னாண்ணா சொல்லி இருப்ப?"

"இவதான் சொன்னான்னு சொல்லி இருப்பேன்" என்றான்.

அண்ணி காபியோடு அவன் பின்னால் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். அவன் டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.