பேர் வராத பாட்டு

வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி தயாரிப்பவன் நான். எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. யாரும் அதட்டுவதற்கு முன்பே பயந்துவிடுவேன். அந்தப் பயம் ஒரு தாயிடம் என்ன வேலை செய்தது என்பதை எழுதாமல் தீராது.

நான் ராயபுரத்துக்காரன். என் பள்ளிக்கூடத்துத் தோஸ்து விம்கோ நகரில் இருக்கிறான். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், கானா பாடுகிறான். எங்கள் பக்கம் சாவு என்றால் அவனுக்குத்தான் ஆள் போகும். சாவு வீட்டுக் கானாவில் செத்தவர் பேரில் தொடங்கி, பிள்ளைகள், மாலை போட்டவர்கள், பந்தல் கட்டியவர், டீ கொடுத்தவர் வரைக்கும் எல்லார் பேரையும் பாட்டில் கொண்டுவந்துவிட வேண்டும். பேர் விட்டுப்போனால் மனத்தாங்கல் வந்துவிடும்.

வட்டாரக் கலைஞர்களுக்கென்று எங்கள் நிலையத்தில் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். எங்கெங்கிருந்தோ பாடகர்கள் வந்தார்கள். பக்கத்திலேயே இருக்கிற வடசென்னையிலிருந்து ஒருத்தர்கூட இல்லை. நான்தான் மல்லுக்கட்டி அவனை உள்ளே கொண்டுவந்தேன். அதுவரைக்கும் நல்ல பிள்ளைதான் நான்.

அவனுடைய அண்ணன் எண்ணூரிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடம்பு கிடைக்கவில்லை. அதனால் பந்தலும் இல்லை, பாட்டும் இல்லை. அவன் அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

"ரேடியோல அண்ணன் பேர பாடிட்டன்னா எங்கம்மா மனசு ஆறிடும் மாமு" என்றான்.

பதிவு நாளன்று அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அண்ணன் பேர், படகின் பேர், கூடப் போனவர்கள் பேர். அரசாங்க வானொலியில் தனி ஆட்களின் பேர் வரக் கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் அடித்தேன். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. கானா என்றாலே மேலதிகாரிகள் மூக்கைச் சுளிப்பார்கள், சாவுப் பாட்டென்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று நானாகப் பேசிய சட்டம் அது. அவன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு பேர் வரும் இடத்திலெல்லாம் "என் அண்ணன்" என்று பாடினான்.

ஒலிபரப்பான சாயங்காலம் அவர்கள் வீட்டில் இருந்தேன். அம்மா தலைக்குக் குளித்து, மகன் படத்துக்கு விளக்கேற்றி, ஸ்டூல்மேல் போனை வைத்து உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்து விவசாய நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகும் போனை அணைக்க விடவில்லை.

"இரு நைனா, எம்புள்ள பேரு இன்னும் வர்ல" என்றார்.

நான் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினேன்.

அடுத்த வாரம் மேலதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். விளம்பரம்தான் கூடாது, செத்தவர் பேர் வந்தால் என்ன என்றார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. மறுபடி பதிவு செய்ய நாள் பார்ப்பதற்குள் அந்த அரை மணி நேரத்தையே நிறுத்திவிட்டார்கள். யாருக்கோ அது வீண் செலவாகத் தெரிந்திருக்கிறது. தோஸ்து ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு நான் 'மாமு' இல்லை, 'சார்' ஆகிவிட்டேன்.

போன மாதம் அம்மா இறந்துபோனார். காலையிலேயே போய்விட்டேன். மாலை போட்டேன், நாற்காலி இறக்கினேன். எடுப்பதற்கு முன்னால் டோலக்கை மடியில் வைத்து அவனே பாடினான். முதலில் அம்மா பேர். அடுத்தது அண்ணன் பேர். அதை மட்டும் மூன்று தடவை பாடினான். பிறகு அக்கம்பக்கத்தார், டீக்கடைக்காரர், ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த டிரைவர் பேர்கூட வந்தது. நான் அவன் எதிரிலேயே நின்றிருந்தேன். என் பேர் வரவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பியதும் அவனே டீ கொண்டுவந்து கையில் கொடுத்தான். முகத்தில் கோபமே இல்லை.

"உங்க பேரும் வாய் வரிக்கும் வந்துச்சு சார். பேரு சொன்னா உங்களுக்குப் புடிக்காதுன்னு வுட்டுட்டேன்" என்றான்.