கே.பி. என்ற இரண்டெழுத்து

குகதாசன் வீட்டைவிட்டுக் கிளம்பினால் கேட்டைப் பூட்டி, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சில நாள் இரண்டு தடவை. ஐம்பத்தேழு வயதில் இதை மாற்ற முடியாது என்று மனைவி ஞானாம்பிகை எப்போதோ கைகழுவிவிட்டாள். இப்படிப்பட்டவரிடம் வங்கி என்ன வேலையைக் கொடுத்தது என்றால், பிரிவுவாரி அறிக்கை தயாரிப்பதை. பயந்த சுபாவக்காரருக்குப் பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் கிடைத்துவிட்டது.

அப்பா மலேசியாவில் பிறை என்ற ஊரில் ரயில்வே கிளார்க். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்ததும் கிளார்க் வேலைக்குத்தான். குகதாசன் இருபத்துநாலு வயதில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் உள்ள இந்த வங்கியில் சேர்ந்தார். வடக்கு, கிழக்கு மாநிலங்களில் மட்டும் கிளைகள் வைத்திருக்கும் நடுத்தர வங்கி. முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வேறு எதிலும் அவர் பெருமைப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

பிரிவுவாரி அறிக்கை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வங்கி இவ்வளவு சம்பாதித்தது என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பிரிவு எவ்வளவு சம்பாதித்தது என்றும் உலகத்துக்குச் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் நாலு பேர் சம்பாதிக்கும்போது கரண்டு பில்லை யார் தலையில் எவ்வளவு கட்டுவது என்று ஒருவர் பிரிப்பாரே, அந்த வேலைதான். தனிநபர், சிறு வியாபாரம், பெரிய கம்பெனிகள், முதலீடு என்று நாலு பிரிவு. யாரும் வேண்டாம் என்று தள்ளுவதைப் போட்டுவைக்க ‘மற்றவை’ என்று ஐந்தாவது. இது வெளியாட்களுக்கு. இயக்குநர்களுக்குப் போகும் அட்டவணையில் ஊர்வாரியாகவும் ஒவ்வொரு வரி இருக்கும். அதன் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் ‘காரணம்’. லாபம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று அங்கே ஒரு வரி எழுதியாக வேண்டும். காலியாக விட்டால் மேலே உள்ளவர்களுக்குப் பிடிக்காது.

ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் மேசையில் போன் அடித்தது. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள கெப்பாலா பத்தாஸ் கிளையில் சிறு வியாபாரக் கடன் டெஸ்க்கைப் பார்க்கும் சுலைஹா பேசினாள். நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடுகிறவர், மீ நூடுல்ஸ் கடைக்காரர், மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர் என்று அவளுக்கு நூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்கள்.

“அண்ணே, வியாழக்கிழம போர்டு மீட்டிங்ல எங்க டெஸ்க்க மூடப் போறாங்கன்னு சொல்றாங்க. உண்மையா?”

உண்மைதான். ஆறு மாதமாக நஷ்டம் காட்டும் வரிகளில் அது முதலில் இருந்தது. குகதாசன் மென்று விழுங்கினார். “இன்னும் முடிவு பண்ணலம்மா.”

“டேபிள்ல செகப்பா இருந்தா சரியாத்தான் இருக்கும். நீங்க போட்டதாச்சே. ஆனா நான் எங்க தப்பு பண்ணேன்னுதான் தெரியல. எல்லாரும் மாசாமாசம் கட்டிடறாங்க. ஆனா இனிமே வரப்போற நஷ்டத்தையும் நீங்க முன்னாடியே கணக்குல எடுப்பீங்கதானே? அதனால உள்ள வர்ற ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாக்கறேன், இவருதான் ஏமாத்தப் போறாரோன்னு. இந்த வேலையே பயமா இருக்கு லா அண்ணே.”

போனை வைத்ததும் குகதாசன் அட்டவணையை எடுத்தார். எல்லாரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்றால் அந்த நஷ்டம் யாருடையது? வராக்கடனுக்காக ஒதுக்கிய தொகை முதல் காலாண்டில் மூன்று லட்சத்து எண்பதாயிரம் மலேசிய வெள்ளி, அடுத்ததில் ஆறு லட்சம். அதன் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு பெயர் இருந்தது: ஒரு மரம் அறுக்கும் கம்பெனி. கெப்பாலா பத்தாஸில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மரம் அறுக்கும் கம்பெனி அங்கே எங்கிருந்து வந்தது? முகவரியைப் பார்த்தார். கிளந்தான் மாநிலம், கோத்தா பாரு.

கோலாலம்பூரில் இருந்த ஹைக்கலைக் கூப்பிட்டார். ஜனவரியில் வங்கிக்குப் புது கம்ப்யூட்டர் முறையை அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரன். அப்போதுதான் ஊர்ப் பெயர்களையெல்லாம் இரண்டிரண்டு எழுத்தாகச் சுருக்கினார்கள்.

“தம்பி, கே.பி. எந்த ஊரு?”

“கோத்தா பாருதானே அண்ணே. நான் பொறந்ததே அங்கதான். எங்களுக்கு கே.பி.ன்னா வேற ஊரு ஏது? நீங்களும் கன்ஃபர்ம் பண்ணீங்களே.”

பண்ணியிருந்தார். ‘கே.பி. கணக்குகள் கே.பி.க்கு. சரிதானா?’ என்று கேட்ட மின்னஞ்சலுக்கு ‘சரி’ என்று இவர் பதில் போட்டது ஜனவரி பதினாலு. பினாங்கில் பிறந்து வளர்ந்தவருக்கு கே.பி. என்றால் கெப்பாலா பத்தாஸ். அக்கரைக்கு பஸ் ஏறுகிறவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே எழுத்தைப் படித்துவிட்டு நாட்டின் இரண்டு ஓரத்தில் நின்றிருக்கிறார்கள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் இதை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது.  முதல் காலாண்டில் அந்த நஷ்டத்துக்கு எதிரே ‘காரணம்’ கட்டத்தில் அவரே எழுதியிருந்தார்: ‘நெல் பருவம் தவறியதால் வாடிக்கையாளர்களின் வருமானம் பாதிப்பு.’ யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. கெப்பாலா பத்தாஸ் என்றால் நெல், நஷ்டம் என்றால் பருவம் தவறியிருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே கட்டிய கதை. எவ்வளவு கச்சிதமாக இருந்தது பாருங்கள், இயக்குநர்கள் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அன்று பகல் சோறு இறங்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். முதல் காலாண்டு அறிக்கை மே மாதமே வெளியாகிவிட்டது. கெப்பாலா பத்தாஸ் வரி சிறு வியாபாரத்தில் சேருவதால், பெரிய கம்பெனிகள் பிரிவின் நஷ்டம் சிறு வியாபாரத்தின் தலையில் ஏறி ஊருக்கே தெரிய அச்சாகிவிட்டது. அதைத் திருத்த வேண்டுமென்றால் விசாரணை வரும், அவர் பெயர் வரும், ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது முதல் கடிதம் வரும். சொல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. வியாழக்கிழமை கெப்பாலா பத்தாஸில் சுலைஹாவுக்கும் அவளோடு இருக்கும் மூன்று பேருக்கும் மட்டும்தான் ஆகும். இந்த ‘மட்டும்’ மனதில் வந்ததற்காக அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்கு தர்மினியின் அறைக்குப் போனார். நிதிப் பிரிவின் மேலாளர். இவரைவிடப் பதினாறு வயது இளையவள். அவர் சொல்லச் சொல்ல அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள். அந்த அறிக்கையில் அவள் கையெழுத்தும் இருந்தது.

“டோட்டல் சரியா இருக்குதானே அண்ணே?”

“டோட்டல் ஒரு சென் காசுகூட மாறல. பிரிச்சதுதான் தப்பு.”

“அப்ப அடுத்த வருஷம் புதுசா பிரிக்கும்போது மெதுவா மாத்திடலாமே. யாருக்கும் தெரியாது.”

“வியாழக்கிழம அந்த டெஸ்க்க மூடிடுவாங்க.”

தர்மினி முதல் காலாண்டு அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். “அந்த நெல்லு கதைய எழுதினது யாரு?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“நானும் நம்பினேன். எங்க சித்தப்பா அந்தப் பக்கம்தான் இருக்காரு. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.” அவள் எழுந்தாள். “நீங்க டேபிள மாத்துங்க. நான் மேல போய்ச் சொல்றேன். திட்டு ரெண்டு பேருக்கும்தான் விழும்.”

புதன்கிழமை முழுவதும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மாற்றிய அட்டவணையில் பெரிய கம்பெனிகளின் லாபம் இறங்கியது. சிறு வியாபாரம் ஏறியது. கெப்பாலா பத்தாஸ் ஆறு மாதத்தில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் லாபம் காட்டியது; வடக்கில் இரண்டாவது இடம். அடிக்குறிப்பில் ‘முந்தைய காலாண்டின் பிரிவுவாரி எண்கள் திருத்தப்பட்டுள்ளன’ என்று சேர்த்தார். ‘காரணம்’ கட்டத்தில் இந்த முறை கதை கட்டவில்லை. ‘ஊர்க் குறியீட்டை உறுதிசெய்ததில் என் பிழை’ என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டார்.

வியாழக்கிழமை கூட்டம் நடந்தபோது அவர் நாலு தடவை கழிவறைக்குப் போய்வந்தார். பன்னிரண்டரைக்கு தர்மினி இறங்கி வந்தாள். டெஸ்க்கை மூடவில்லை. அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு நாளைக்குக் கடிதம் வரும். இந்த வருட போனஸை மறந்துவிட வேண்டியதுதான். அவர் தலையாட்டினார். இத்தனை நாள் பயந்தது வந்தே விட்டது என்று தெரிந்ததும், விசித்திரமாக, பசித்தது.

ஆனால் சாப்பிடப் போகுமுன் சுலைஹாவைக் கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள், இல்லையென்றால் நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

“அண்ணே,” என்றாள், “மே மாசம் அந்த நம்பர் வந்ததும் செலவக் கொறைங்கன்னாங்க. தனுஜான்னு ஒரு பொண்ணு, கான்ட்ராக்ட்ல இருந்துச்சு. நான்தான் ஜூன்ல நிப்பாட்டினேன். அந்த எடத்துக்கு இப்ப மேல இருந்து ஆளே தரமாட்டேங்கறாங்க. அதுகிட்ட யாரு சொல்றது?”

“நான் சொல்றேன். நம்பரக் குடும்மா.”

இதற்கு அடிக்குறிப்பு போட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று உடனே அழைத்தார். தனுஜா வீட்டில்தான் இருந்தாள். பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை, இன்றைக்கு லீவு. குகதாசன் தான் யார் என்று சொன்னார், இரண்டெழுத்தைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். பழைய வேலையைத் திருப்பித் தரும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும் சொன்னார்.

அந்தப் பக்கம் தனுஜா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“அப்ப நான் வேல ஒழுங்காத்தான் செஞ்சேனா அங்கிள்?”

“நீ ஒழுங்காத்தான் செஞ்சேம்மா. நான்தான் செய்யல.”

“அத எங்கம்மாகிட்ட சொல்றீங்களா? நான் ஏதோ தப்பு பண்ணிட்டுத்தான் மறைக்கறேன்னு, ரெண்டு மாசமா அவங்க என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. இங்கதான் இருக்காங்க. போனக் குடுக்கட்டா?”

இயக்குநர்களுக்கு உட்கார்ந்தே எழுதிய குகதாசன் இதற்கு எழுந்து நின்றுகொண்டார்.

“குடும்மா,” என்றார்.