ஏழாம் நம்பர் சிரிப்பு

சிரிப்பு கால் நொடி முந்தி விழுந்தது. அதை இழுத்துக் கொஞ்சம் பின்னால் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். திரையில் மேல்வீட்டுக்காரன் கதவைத் திறந்து, கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து நின்றான். இப்போது சரியாக இருந்தது. முதலில் ஒரே ஒரு ஆள் சிரித்தார். அவர் பின்னால் இருநூறு பேர் சிரித்தார்கள்.

நகைச்சுவைத் தொடர் படமாகும் இடத்தில் பார்வையாளர் யாரும் கிடையாது. மூன்று சுவர் வைத்த ஒரு வீடு, மூன்று கேமரா, மின்விசிறிக்குச் சண்டை போடும் பத்துப் பேர். சிரிப்பெல்லாம் பிறகு இந்த ஜன்னல் இல்லாத அறையில் சேர்கிறது. அதைச் சேர்ப்பவரை அலுவலகத்தில் சிரிப்பண்ணன் என்பார்கள். சிரிப்பண்ணன் சிரித்துப் பார்த்ததில்லை என்று டீ கொண்டு வருபவர்வரை சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவர் சிரித்ததில்லை.

ஒயர் சுருட்டும் வேலைக்கு வந்தவர். காது நன்றாக இருந்ததால் உள்ளே உட்கார வைத்தார்கள். இப்போது ஐம்பத்துமூன்று வயது. இத்தனை வருடத்தில் அவர் தெரிந்துகொண்டது, கூட்டம் தானாகச் சிரிக்காது என்பதுதான். யாராவது ஒருவர் தொடங்க வேண்டும். அந்த ஒருவரை விட்டுவிட்டு வெறும் கூட்டத்தைப் போட்டால் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

அவரிடம் நாற்பத்தொரு சிரிப்புகள் இருந்தன. எல்லாம் பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு நாடக அரங்கில், ஒரே நாளில் பதிவானவை. இருக்கைகள் நிறையவில்லை என்று அலுவலக ஆட்கள் தெரிந்தவர்களைக் கூட்டி வந்தார்கள். சிரிப்பண்ணன் ஒரு தையல்காரரைக் கூட்டி வந்தார். பழக்கமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது வரிசையில், தொங்கிய மைக்குக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. நாடகத்தின் நடுவே, கதையில் இல்லாதபடி, ஒரு நடிகர் உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. தையல்காரர் சிரித்தார். அதன் பிறகுதான் அரங்கு சிரித்தது. அதுதான் ஏழாம் நம்பர்.

அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரரோடு அவர் பதினேழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார். கீழே தையல் கடை, மேலே இரண்டு அறை. தெருவுக்கு ஒருவர் கடைக்காரர், மற்றவர் மாடியில் குடியிருப்பவர். வாரம் ஒருமுறை வரும் தையல்காரரின் தங்கைக்கு ஒருவர் அண்ணன், மற்றவரும் அண்ணன். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. முன்னறைக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. தைக்க வந்த துணிக்கட்டு அதன்மேல் கிடக்கும். தங்கை வரும் நாளில் மட்டும் அந்தத் துணிக்கட்டை இறக்கி, தலையணை போட்டு, யாரோ படுத்து எழுந்த மாதிரி விரிப்பைக் கசக்கி வைப்பார்கள். கசக்குவது தையல்காரர். அவருக்குத்தான் மடிப்பு எப்படி விழும் என்று தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்பு இந்தத் தொடர் வந்தது. முதல் வாரம் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். மேல்வீட்டுக்காரன் நடந்து வந்ததும் ஏழாம் நம்பர் விழுந்தது. தையல்காரர் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு, இது நான்தானே என்று கேட்டார். சிரிப்பண்ணன் பெருமையாகத் தலையாட்டினார்.

"நான் நாற்காலி ஒடஞ்சதுக்குத்தானே சிரிச்சேன்" என்றார் தையல்காரர். "அந்த மனுஷன் நடக்கறதுக்கு இல்லையே."

எடுத்துவிடுகிறேன் என்று சிரிப்பண்ணன் ஒப்புக்கொண்டார். மறுநாள் ஐந்தாறு சிரிப்புகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்று கீச்சென்றது. பத்தொன்பதாம் நம்பர், ஒரு பெண்ணுடையது, இருமலில் முடிந்தது. ஏழாம் நம்பர்போல, கத்தரி நேராகப் போன துணி மாதிரி, சுத்தமாகத் தொடங்கிய சிரிப்பு வேறு இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டார். ஆறு வருடம் போய்விட்டது. தையல்காரர் திரும்பக் கேட்கவில்லை. தொடர் ஓடும் அரைமணி நேரம் கீழே போய்த் தையல் மெஷினை ஓட்டுவார். தங்கை இருந்தால் முடியாது. அவள் விடமாட்டாள்.

இந்த வாரம் வசனம் எழுதியவள் புதிதாகச் சேர்ந்தவள். கதையில் வரும் வீட்டுப் பெண், ஏன் நீங்கள் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை என்று மேல்வீட்டுக்காரனைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்கிறாள். முன்பு இப்படி யார் கேட்டாலும் அவன் இடுப்பை ஒடித்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள்வான். இந்த முறை கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஒருத்தர்கூட இருக்கேம்மா. பதினாலு வருஷமாச்சு. அவரு பஸ் ஓட்டுறாரு. அவரு வந்து செருப்பைக் கழட்டற சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

பிறகு நான்கு நொடி யாரும் பேசவில்லை. அந்த நான்கு நொடி சிரிப்புக்காக விட்ட இடம்.

இயக்குநர் உள்ளே வந்தார். சிரிப்பண்ணனைவிட இருபது வயது சின்னவர். நின்றபடியே, அங்கே ஏழாம் நம்பரைப் போட்டுவிடுங்கள் என்றார்.

"அவரு ஜோக்கா சொல்லலையே சார்."

"தெரியும்ணே. எடுக்கும்போது நாங்களே சும்மா நின்னுட்டோம்." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "சிரிப்பு விழுந்தா அது ஜோக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விழலைன்னா ஏன் விழலைன்னு சேனல்லேருந்து ஃபோன் வரும். சீன் பொழைக்கணும்ணே."

நாலு மணிக்கு அனுப்ப வேண்டும். ஏழரைக்கு ஒளிபரப்பு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது சிரிப்பண்ணன் நடந்ததைச் சொன்னார். தையல்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தார். துளையை முடித்து நூலை அறுத்தார்.

"போட்டுடு."

"நீதானே வேணாம்னு சொன்ன?"

"அது அப்போ. இப்ப நீ போடலைன்னா, அந்த ஆளுக்காக நீ ஏன் மல்லுக்கட்டறன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

வீட்டு உரிமையாளர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று தையல்காரர் சொன்னார். தங்கை தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். இத்தனை வருடம் ஒரு சத்தம் வராமல் இருந்தாயிற்று, இனி எதற்கு என்றார். சிரிப்பண்ணன் கைகழுவி, செருப்பை மாட்டும்போது, தையல்காரர் தலை நிமிராமல் ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"ஆனா நான் நாற்காலிக்குத்தான் சிரிச்சேன்."

இரண்டரை மணிக்கு சிரிப்பண்ணன் ஏழாம் நம்பரைப் போட்டார். தையல்காரர் சிரித்தார், இருநூறு பேர் சிரித்தார்கள், பஸ் ஓட்டுபவர் ஒரு ஜோக்கு ஆனார். நேரம் இம்மி பிசகவில்லை. வேலை நன்றாக வந்திருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். ஒயர் பிடுங்கிக்கொண்ட மாதிரி சத்தமே இல்லை. சிரிப்புத் தொடரில் அப்படி ஓர் இடம் வந்தால் பழுது என்பார்கள்.

பதினெட்டு வருடமாக யாரும் திறக்காத, அந்த நாடக அரங்கின் முழுப் பதிவைத் திறந்தார். சிரிப்புகளை வெட்டி எடுத்த பிறகு மிச்சமான சத்தமெல்லாம் அதில் இருந்தது. ஆட்கள் வருவது, இருக்கை தேடுவது, விளக்கு அணைவது. விளக்கு அணைந்து திரை உயர்வதற்கு முன் பதின்மூன்று நொடி இருந்தது. ஒரு நாற்காலி முனகியது. யாரோ தொண்டையைக் கனைத்துப் பாதியில் நிறுத்தினார்கள். இருநூறு பேர் கேட்பதற்குத் தயாராக இருந்தார்கள். மைக்குக்கு நேர் கீழே ஒருவர் மூச்சு விடுவது மற்றவர்களைவிடக் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. அது யாருடையது என்று சிரிப்பண்ணனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதில் நான்கு நொடியை வெட்டி அந்த இடத்தில் வைத்தார். இயக்குநர் படப்பிடிப்பில் இருந்தார். குறிப்புத் தாளில், படிக்கட்டுக் காட்சியில் சிரிப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்கு அனுப்பினார்.

அது தங்கை வரும் நாள். ஏழரைக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். மேல்வீட்டுக்காரன் வந்ததுமே தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். இந்த ஆள் முகத்தைப் பார்த்தாலே போதும் என்றாள். தையல்காரர் விரிப்பின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டுக் காட்சி வந்தது. கைக்குட்டை பைக்குள் போனது. பஸ், செருப்புச் சத்தம், தூக்கம். தங்கை சிரிக்க வாயைத் திறந்து வைத்திருந்தாள். டிவியில் யாரும் சிரிக்கவில்லை. அரங்கு மூச்சு விட்டது. அவள் தையல்காரரைப் பார்த்தாள்.

"என்னண்ணே, இதுக்குச் சிரிக்கணுமா வேணாமா?"

"வந்தா சிரிம்மா."

அவளுக்கு வரவில்லை. விளம்பரம் வந்தது. விளம்பரம் முடியும்வரை அவள் டிவியையே பார்த்தாள். பிறகு தன் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். உயரம் போதாதாம், நின்றால் பெண்ணின் தோளுக்குத்தான் வருவானாம்.

கிளம்பும்போது, சுவரோரம் இறக்கி வைத்திருந்த துணிக்கட்டைத் தூக்கினாள். சிரிப்பண்ணன் பதறி எழுந்தார். அவள் தலையணையைத் தள்ளிவிட்டு அதைக் கட்டில்மேல் போட்டாள்.

"நான் வர்றேன்னு ஒவ்வொரு தடவையும் இதை எதுக்கு எறக்கி வெக்கறீங்க? பாரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு சிரிப்பண்ணன் வேலைக்குப் போனார். பத்தரைக்கு சேனலிலிருந்து ஃபோன் வந்தது. மறுஒளிபரப்பில் அந்த இடத்தில் சிரிப்பு வேண்டும் என்றார்கள். இயக்குநர் ஏன் போடவில்லை என்று கேட்டார். அங்கே சிரிப்பு வரவில்லை என்று சிரிப்பண்ணன் சொன்னார். இயக்குநர் அந்தக் காட்சியைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்தார். அவர் வெறும் கூட்டத்தைப் போட்டார். சுவர் வழியாக மழை பெய்கிற மாதிரி கேட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு சிரிப்பண்ணன் அடுத்த வாரத் தொடரை எடுத்தார். மேல்வீட்டுக்காரன் நுழையும் இடத்தில் பத்தொன்பதாம் நம்பரைப் போட்டு, இருமலை வெட்டினார். மற்ற இடங்களில் இருபத்திரண்டு சிரிப்பு வந்தது. தையல்காரர் ஆறு சட்டைகளை முடித்து மடித்து வைத்தார். துணிக்கட்டு கட்டிலிலேயே இருந்தது.