பட்டதென்று நான் சொன்ன கல்

ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு சீசன். ஊரே நல்ல காரியங்களைத் தள்ளிப்போடும் அந்த மாதங்களில் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும். அங்கேதான் நான் கர்லிங் கற்றுக்கொண்டேன். தை பிறந்து முகூர்த்தம் தொடங்கினால் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். யாராவது நல்ல நாள் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலே எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

கர்லிங் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டித் தரையில், கைப்பிடி வைத்த கனமான கருங்கல்லைத் தள்ளிவிட்டு, தூரத்தில் இருக்கும் வட்டத்துக்குள் நிற்க வைக்க வேண்டும். ஒருத்தி தள்ளுவாள். இரண்டு பேர் கையில் துடைப்பானோடு கல்லுக்கு முன்னால் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். நான் தேய்க்கிறவள்.

"ஏஞ்சாமி, கூட்டறதுக்கா காஷ்மீர் போறே? இங்க வாசலு அப்படியே கெடக்குது, அதயக் கூட்ட ஆளக் காணோம்" என்று, போட்டி காஷ்மீரில் நடக்கும் என்று கேள்விப்பட்டதும் அம்மா கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த வாரமே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

நான் பெரிய விளையாட்டு வீராங்கனை எல்லாம் இல்லை. கல்லூரியில் கபடி அணிக்கு உட்கார்ந்து கைதட்டுகிறவள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறவள் ஒருத்தி உண்டு, மல்லசமுத்திரத்துக்காரி. இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்கள் விளையாட்டு ஆசிரியர் ஒரு தாளோடு வந்து, பெண்கள் கர்லிங் அணிக்கு ஆள் வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம். அந்த ஆட்டத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்? சேலத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் உயரமான பெண்ணைக் கேப்டன் ஆக்கினார்கள். மாநில அணி தயார்.

பனிக்கு எங்கள் பக்கத்தில் எங்கே போவது? அடியில் சின்னச் சின்ன உருளைகள் வைத்த பிளாஸ்டிக் கல் எட்டு வந்தது. அதை மண்டபத்துக் கிரானைட் தரையில் தள்ளிப் பழகினோம். மண்டபத்து மேனேஜர் முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டார். "ஏனுங்க கண்ணு, இது தரையக் கீறிப்போடாதுங்களா?" என்று கேட்டார். கீறாது என்று நாங்கள் நாலு பேரும் சத்தியம் செய்த பிறகுதான் நகர்ந்தார்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற கல்லில் நம் துடைப்பானோ காலோ பட்டுவிட்டால், நாமே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். நடுவர் வந்து கண்டுபிடிக்கமாட்டார். பட்ட கல்லை நிறுத்தி ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும், அந்த வீச்சு வீண். எங்கள் ஆசிரியர் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "பட்டா கையத் தூக்கு. ஆரும் பாக்கலீன்னாலும் தூக்கு." பட்டவள் மண்டபத்தின் அந்தக் கோடிக்கு ஓடித் திரும்ப வேண்டும் என்று ஒரு தண்டனையும் வைத்திருந்தோம். அதிகம் ஓடியவள் நான்தான்.

பட்டதா இல்லையா என்று குனிந்து பார்க்கவே தேவையில்லை. அந்தத் தரை அவ்வளவு வழுவழுப்பு. தேய்க்கும்போது துடைப்பானின் கைப்பிடியில் சடக்கென்று ஒரு சின்ன வெட்டு வந்தால், அது கல்லில் இடித்ததால்தான் வரும். வேறு எதுவும் அங்கே தடுக்காது. மூன்று வருடத்தில் என் மணிக்கட்டு அதை நன்றாகப் படித்துவிட்டது. கை வெட்டினால் மறு நொடி கை மேலே போய்விடும்.

மூன்று வருடமும் மல்லசமுத்திரத்துக்காரியும் நானும் கல்லின் இரண்டு பக்கமும் ஓடினோம். பயிற்சி முடிந்ததும் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். பஸ் வரும்வரை நின்று பேசுவோம், வந்த பஸ்ஸையும் பல நாள் விட்டுவிடுவோம். எனக்கு அப்படி ஒரு சிநேகிதி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூன்று முறை தேசியப் போட்டிக்குப் போனோம். முதல் இரண்டு முறையும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. முதல் முறை பனியில் கால் வைத்ததும் நாலு பேரும் விழுந்ததை மற்ற மாநிலத்துப் பெண்கள் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை என்ன அதிசயமோ, இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வரை வந்தோம். ஜெயித்தால் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. கேப்டன் அந்த ஆட்டத்துக்கு முந்தின இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசிக் கல் எங்களுடையது. வட்டத்தின் நடுவில் நின்றால் ஜெயித்தோம். கேப்டன் தள்ளினாள். நல்ல வீச்சு. நானும் மல்லசமுத்திரத்துக்காரியும் தேய்த்துக்கொண்டே ஓடினோம். பாதித் தூரத்தில் என் கைப்பிடியில் அந்த வெட்டு வந்தது. நான் யோசிக்கவில்லை. கையைத் தூக்கினேன், காலால் கல்லை நிறுத்தினேன்.

எதிரணி குதித்தது. அவர்களில் ஒருத்தி மட்டும் வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எங்கள் கேப்டன் தள்ளின இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் யாரும் என்னோடு பேசவில்லை. ஜம்முவில் ஏறி சேலம் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மல்லசமுத்திரத்துக்காரி வேளாவேளைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் சீட்டில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். சேலம் வந்ததும் அவளுடைய பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். உண்மை சொன்னதற்கு இதுவா மரியாதை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நானும் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் அணி சேரவில்லை. என்னை மட்டும் வேறு அணியில் ஆள் குறைகிறது என்று இரண்டு முறை சேர்த்துக்கொண்டார்கள். அதோடு முடிந்தது என் ஆட்டம். மல்லசமுத்திரத்துக்காரிக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை தபாலில் வந்தது. எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்கு நேரில் வந்துதான் பத்திரிகை வைப்பார்கள். தபாலில் அனுப்பினால் அது என்ன அழைப்பு என்று எனக்கு ரோஷம், போகவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஆனேன். வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் போர்வெல் போடுகிறார், வருடத்தில் முக்கால்வாசி நாள் ஊரில் இருக்கமாட்டார். ஆடி மாதம் பிறந்தால் இப்போதும் மண்டபத்துக்குப் போவேன். மேனேஜர் சாவியைக் கொடுத்துவிடுவார், தரையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். பிறகு அந்தக் கோடிக்கு நடந்து போய், அங்கிருந்து எட்டையும் இந்தப் பக்கம் தள்ளுவேன். தள்ளுகிறவளே தேய்க்க முடியாது. அதனால் துடைப்பான் சுவரில் சாய்ந்து நிற்கும். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், அந்த மண்டபத்தில் சில நாள் அழுதிருக்கிறேன்.

பள்ளியில் மட்டும் என் ஆட்டத்துக்கு மதிப்பு இருந்தது. வருடா வருடம் காலைக் கூட்டத்தில் நேர்மையைப் பற்றிப் பேச என்னைத்தான் நிறுத்துவார்கள். நானும் அந்தக் கடைசிக் கல்லைப் பற்றிச் சொல்வேன். யாரும் பார்க்கவில்லை என்பேன். என்கூட ஓடிய சிநேகிதி "படவில்லை" என்று பொய் சொன்னாள், எனக்கு உண்மைதான் பெரிது, கையைத் தூக்கிவிட்டேன் என்பேன். அதனால் மூன்று பேரின் சிநேகிதம் போனது, இருந்தாலும் வருத்தமில்லை என்று முடிப்பேன். பிள்ளைகள் கைதட்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கதையை மறுத்துப் பேசக்கூடியவர்கள் மூன்று பேர்தான், அவர்கள் என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் பழைய ஆட்டக்காரிகளை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அன்றைக்கு என் தோளைத் தட்டியவள், தன் தம்பி எடுத்ததென்று ஒரு வீடியோவைப் போட்டாள். கூடவே எனக்கு ஒரு கும்பிடும் போட்டிருந்தாள். நான் மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். ரொம்பச் சின்ன வீடியோ.

படவில்லை. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். துடைப்பானுக்கும் கல்லுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கிறது. என் கை வெட்டுவது தெரிகிறது, ஆனால் கல் அதன் பாட்டுக்குப் போகிறது. அந்தப் பனித் தரையில் தண்ணீரைத் தூவி, பொடிப் பொடியாக உறைய வைத்திருப்பார்கள். அதில் ஒரு பொடி தடுக்கியிருக்க வேண்டும். மண்டபத்துத் தரையில் படித்த கைக்கு அது எப்படித் தெரியும்?

பிறகு சத்தத்தைக் கூட்டினேன். நான் கையைத் தூக்கிய நொடியில் மல்லசமுத்திரத்துக்காரி கத்துகிறாள்: "படல புள்ள! நான் பாத்தேன், படல!" நான் காலை வைத்துக் கல்லை நிறுத்திவிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பொய் சொல்லாதே!" என்கிறேன். பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொல்கிறேன், எதிரணிக்குப் புரிய வேண்டுமே. நான் அப்படிக் கத்தியது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை.

அவளுடைய நம்பர் அந்தக் குழுவிலேயே இருந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டேன். எடுத்தாள். நான் யாரென்று சொன்னேன்.

"ம், தெரியுது. சொல்லு."

"வீடியோ பாத்தியா?"

"பாத்தேன்."

"படல."

"ஆமா. அன்னிக்கே சொன்னனே."

"தோத்துப் போனதுக்குத்தான் உனக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "தோக்கறதுக்கா? நாம தோக்காத தோல்வியா? நீ கையத் தூக்குனது கூடப் பெருசில்ல. உனக்குத் தட்டுன மாதிரி இருந்துருக்கும், தூக்கிப்போட்டே. ஆனா பக்கத்துலயே ஓடி வந்தவ, கண்ணுல பாத்துட்டுச் சொல்றேன், என்னயப் பொய்க்காரிங்கறே. மூணு வருசத்துல பட்டத ஒரு நாளாச்சும் படலைன்னு சொல்லியிருக்கறனா?"

"இல்ல."

"வந்து ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன். ரயில்ல பாத்தேன். பத்திரிக போட்டுட்டுக் கல்யாணத்துலயும் பாத்தேன். அப்பறம் உட்டுட்டேன்."

அவளே தொடர்ந்தாள், குரல் மாறாமல்.

"எங்க நங்கையா, எங்கூட்டுக்காரரு அக்கா, அவங்க புள்ள உங்க ஸ்கூல்லதான் படிக்குது. போன வருசம் வந்து, எங்க மிஸ்ஸு காஷ்மீர்ல வெளயாண்டாங்களாமா, அவங்க பிரண்டு ஒருத்தி பொய் சொன்னாளாமான்னு பூராக் கதையும் எங்கிட்டச் சொல்லுச்சு. நீங்களும் அந்தக் காலேஜ்தானே, அந்தப் பொய்க்காரி ஆருங்க அத்தேன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்குத் தெரீல சாமின்னுட்டேன். உன்னயப் பத்திச் சின்னப்புள்ளகிட்ட என்னன்னு சொல்றது?"

ராசிபுரத்திலிருந்து மல்லசமுத்திரத்துக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பதினொரு வருடமாக அந்தப் பஸ் என் கண் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது. நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்கும். "ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வரட்டுமா புள்ள?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி, உண்மையிலேயே எதற்கென்று தெரியாமல்தான் கேட்டாள். நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, போனை வைத்துவிட்டாள்.