கக்கூஸ் கொந்தராத்துக்காரர்

கற்பிட்டிப் பக்கத்தில் அவரைக் "கக்கூஸ் கொந்தராத்து" என்றால்தான் தெரியும். யுத்தம் முடிந்தபின் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த மலசலகூடங்களை ஒப்பந்தத்தில் எடுத்துக் கட்டியவர். நெடிய மனிதர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

எங்கள் ஊரில் புதுப் பள்ளிவாசல் கட்டத் தீர்மானித்தபோது, கூட்டத்துக்கு வந்து அந்த வேலையைக் கேட்டார். நானும் இருந்தேன்.

"பள்ளிக்குக் கொழும்பு ஆள் பேசிட்டம் நானா," என்றார் பள்ளி நிர்வாகத் தலைவர் ஹாஜியார். "கக்கூஸ நீங்க கட்டுங்க. அதுக்கு உங்கள மாதிரி ஆள் இல்ல."

அவர் எழுந்துவிட்டார்.

"நிறுவனக்காரங்க கக்கூஸ் தந்தாங்க, கட்டினேன். பள்ளி தந்திருந்தா பள்ளி கட்டியிருப்பேன். கல்லும் சீமெந்தும் ஒண்டுதானே ஹாஜியார்? உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு சுவருக்குத் தெரியுமா?"

யாரோ சிரித்தார்கள். சிரித்த வாயிலேயே அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிவாசல் திறந்த வெள்ளிக்கிழமை அவரும் தொழ வந்தார். "வேலை எப்படி நானா?" என்று வாசலிலேயே கேட்டார் ஹாஜியார்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? நான் கக்கூஸ் ஆள்தானே."

அந்தப் பள்ளிவாசல் சுவரை அவர் இன்றுவரை தொடவில்லை. ஒவ்வொரு ஜும்ஆவிலும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.