பூச்ச எந்தக் கட்சி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் நாலு காலில் நின்று 'மியாவ்' என்று கத்தினேன். பட்டப்பகலில். மேடைதோறும் 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று முழங்குகிற இதே வாயால்.

காரணம்? பொறாமை.

யார் மேல்? சிரிக்கக் கூடாது… ஒரு பூனை மேல்.

என் மகள் லீலாவுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. நடக்கிறாள், விழுகிறாள், மண்ணைத் தின்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. அவள் முதலில் என்ன சொல்லப்போகிறாள் என்பதில் எனக்கு ஒரு தனிக் கவலை. எல்லாம் என் வாய்க்கொழுப்பு செய்த வேலை. மொழிவாரியாக மாநிலம் பிரிக்கக் கமிஷன் போட்டிருக்கிற நேரம்; எங்கள் திருவிதாங்கூர்ப் பகுதியும் தமிழ்ப் பக்கம் சேரவேண்டும் என்று பாறசாலையில் ஒரு கூட்டம். பேச்சு சூடு பிடித்தது. ஒரு வரி தானாக வந்து விழுந்தது — 'இந்த மண்ணில் பிறக்கிற பிள்ளை வாயைத் திறந்தால் வருவது தமிழ்தான்! சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்கு வந்து கேளுங்கள்!'

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். வீட்டிலிருக்கும் பிள்ளை இன்னும் வாயே திறக்கவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்?

'அப்பா' என்று சொல்வாள் என்று நம்பினேன். தமிழுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.

குறுக்கே வந்தது பூனை. அடுத்த வீட்டுப் பாஸ்கரனின் பூனை. கன்னங்கறுப்பு, ஒரு காது கிழிசல். பாஸ்கரன் ரப்பர் ஷீட் வியாபாரி, என்னைவிட இளையவன், தங்கமான மனிதன். ஆனால் எல்லை விஷயத்தில் எதிர்க்கட்சி. அவன் வீட்டில் மலையாளம், என் வீட்டில் தமிழ், நடுவில் ஒரு வேலி. சண்டை வந்தால் நான் மலையாளத்தில் திட்டுவேன், அவன் தமிழில் திட்டுவான். எதிராளிக்குப் புரிய வேண்டாமா?

அந்த வேலியில் ஒரு ஓட்டை. கமிஷனும் இல்லை, மகஜரும் இல்லை… பூனை பாட்டுக்கு எல்லை தாண்டி வரும், போகும். அது வந்துவிட்டால் லீலாவுக்கு உலகமே வேண்டாம். கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வாலைப் பிடித்து இழுப்பாள். தன் வாயில் இருக்கிற சோற்றை எடுத்து அதற்கு ஊட்டுவாள்.

நான் கூட்டம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, 'மக்கா, அப்பா வந்துட்டேன்' என்று கையை நீட்டினால்? ஓட்டுக் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். பிறகு, என் முதுகுக்குப் பின்னால் பூனை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள்.

பிஸ்கட் வாங்கினேன். நெய்யாற்றின்கரையிலிருந்து. 'அப்பான்னு சொல்லு, தாறேன்' என்றேன். சொல்லவில்லை. நானும் தந்துவிட்டேன். வாங்கிக்கொண்டுபோய் பூனைக்குக் கொடுத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டது. தின்றிருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது.

மனிதன் பொறாமைப்படுவதிலும் ஒரு கௌரவம் உண்டு. நம்மைவிட அழகன், நம்மைவிடப் பணக்காரன், நம்மைவிட நன்றாகப் பேசுகிறவன் என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். கிழிந்த காதுக்காரன் ஒருவனிடம் தோற்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். லீலா படியில் நின்றாள். வேலிக்கு அந்தப்புறம் பாஸ்கரன் ரப்பர் ஷீட்டை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டை வழியாகப் பூனை தலையை நீட்டியது. பிள்ளை விரலை நீட்டினாள், வாயைத் திறந்தாள்…

"பூச்ச!"

மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: பூனைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வேலிக்கு இந்தப்புறமும் அதுதான், அந்தப்புறமும் அதுதான். அங்கேதான் வந்தது வினை.

"கேட்டோ சாரே!" பாஸ்கரன் ஷீட்டைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடிவந்தான். "மோள் பறஞ்ஞது மலையாளம்! நல்ல பச்ச மலையாளமாக்கும்!"

"பச்ச மலையாளமா? எலே, எனக்க அம்மை சாகுற வரைக்கும் பூச்சன்னுதான் சொன்னா. அவளுக்கு மலையாளத்துல ஒரு எழுத்து தெரியாது. இது சுத்தத் தமிழாக்கும்!"

"அப்போ மேடையில பூனைன்னுதானே பேசுவீங்க?"

"மேடையில எதுக்குலே நான் பூனையப் பற்றிப் பேசுறேன்?"

விடுவேனா? பழைய தமிழில் 'பூசை' என்றால் பூனை என்று நிகண்டுவரை போனேன். அவன் அசரவில்லை. "பூச அம்பலத்திலயாக்கும் நடக்கும், சாரே!" என்று அதைக் கோயில் பூசையாக்கிவிட்டான்.

இரண்டு பேரும் வேலியைப் பிடித்து உலுக்காத குறை. வார்த்தைக்குச் சொந்தக்காரன் நீயா நானா? பிள்ளையோ பூனையை மடியில் வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தாள்.

தொண்டை பலத்தில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அது தமிழாக இருந்தால் என்ன, மலையாளமாக இருந்தால் என்ன… அது நான் இல்லையே!

மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த என் மனைவி ராஜம்மா கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு பேரும் மல்லுக்கட்டாண்டாம். பிள்ளைக்கு அதைச் சொல்லிக் குடுத்தது யாராக்கும்? வீட்டுல வந்து ஏறினதும் 'பூச்ச எங்க? பூச்சய வெரட்டு'… பிள்ளைக்கிட்ட வேற என்ன பேசினீங்க?"

பாஸ்கரன் நைசாக ஷீட்டுக்குத் திரும்பிவிட்டான். எனக்குத் திரும்ப இடமில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டில் விவகாரம். பூனை எங்கோ போயிருந்த நேரம். இதைவிட்டால் வாய்க்குமா? கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். 'மியாவ்!'

லீலா குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். தவழ்ந்து உள்ளே வந்தாள். என் காதைப் பிடித்துத் திருகினாள். கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ! சிரித்தாள். என் மூக்குக்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு, "பூச்ச" என்றாள்.

கூப்பிடாமல் அவளாகவே என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. பட்டம் எதுவானால் என்ன? இடுப்பு வலியையும் மறந்து இன்னொரு தடவை கத்தினேன். 'மியாவ்!'

பதில் வந்தது — ஜன்னலிலிருந்து. அசல் ஆள் குதித்து உள்ளே வந்தது. பிள்ளை என் காதை விட்டாள். போய்விட்டாள். கட்டிலுக்கு அடியில் நான் மட்டும்.

வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டேன். காட்டாக்கடைக் கூட்டத்துக்கு பஸ் வருகிற நேரம். சட்டையை மாட்டிக்கொண்டே ராஜம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கிட்ட இல்லாதது அந்தப் பூச்சக்கிட்ட அப்பிடி என்னதான் உண்டு?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது வீட்டுல உண்டு."