ஒரு வீட்டில் மூன்று இனம்

என் அத்தா நான்கு மொழிப் பத்திரிகைகள் விற்றார். ஆனால் அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். மற்றவற்றைத் தலைப்பின் நிறத்தைப் பார்த்தே அடையாளம் வைத்துக்கொண்டு, படகுத்துறையில் ஃபெரியைப் பிடிக்க ஓடுகிறவர்களின் கையில் சரியாகத் திணித்துவிடுவார். சீனருக்கு மலாய்ப் பத்திரிகையோ மலாய்க்காரருக்குத் தமிழ்ப் பத்திரிகையோ ஒருநாளும் மாறிப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தற்பெருமையும் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதியான ஐந்தாம் படிவச் சோதனையில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்திருந்தேன். டாக்டராக வேண்டும் என்பது என் ஒரே ஆசை. மூன்று வயது மூத்த அண்ணன் தட்டுத்தடுமாறித் தேறியும், அரசாங்க உபகாரச் சம்பளத்தில் ஒரு முன்வகுப்பில் சேர்ந்து, அதன் வழியாகப் பல்கலைக்கழகம் போய்விட்டிருந்தான். பத்திரிகைக் கடையை நம்பி இருந்த எங்களுக்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது. அவனுக்கே கிடைத்தது எனக்கு எங்கே போகும் என்று மிதப்பாக இருந்தேன். ஆசிரியை மனுப் பாரத்தைக் கொடுத்து, வீட்டில் எல்லாருடைய பிறப்புப் பத்திரங்களையும் கொண்டுவரச் சொன்னார்.

அம்மா துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துத் தந்தார். காகிதங்களைக் கட்டிலில் பரப்பினேன். இனம் என்றொரு கட்டம் எல்லாவற்றிலும் இருந்தது. அக்காவின் பத்திரத்தில் பாகிஸ்தானியர் என்றிருந்தது. அண்ணனுடையதில் மலாய்க்காரர். என்னுடையதில் இந்தியர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர்களை மறுபடி பார்த்தேன். மூன்றிலும் அதே அத்தா, அதே அம்மா. கல்யாணமாகித் தாசேக் கெலுகோரில் இருக்கும் அக்காவுக்குப் பாகிஸ்தான் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. பைக்கு அடியில், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தாத்தாவின் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடந்தது. அவர் பிரிட்டிஷ் பிரஜையாம்.

அத்தா கடையிலிருந்து வந்ததும் காகிதங்களை அவர் முன்னால் போட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அக்கா பொறந்தப்ப வெள்ளைக்காரன் காலம். கவுண்டர்ல இருந்த கிராணி தமிழா முஸ்லிமான்னு கேட்டாரு. ரெண்டும்தான்னேன். முஸ்லிம்னா பாகிஸ்தான்தான்னு எழுதிட்டாரு. தலையாட்டுனேன்."

"அண்ணனுக்கு?"

"நம்ம தெருத் தபால்காரரு கூட வந்து பாரம் எழுதிக் குடுத்தாரு. மலாய்க்காரரு, நல்ல மனுசன். நாம ரெண்டு பேரும் ஒரே பள்ளிவாசல்தானேன்னு மலாய்னு போட்டாரு. அதுக்கும் தலையாட்டுனேன்."

"எனக்கு?"

"உன் மாமா எழுதுனாரு. அவருக்கு ரோஷம் ஜாஸ்தி. இந்தியன்னுதான் போடணும்னாரு."

"பேப்பர் மாறாமக் குடுக்கத் தெரியுது, புள்ளைங்கள மாத்திக் குடுத்திட்டீங்களேத்தா!" என்று கத்தினேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சரித்திரப் பாடத்தில் நான் சிறப்புத் தேர்ச்சி வாங்கியவள். கவர்னர்களையும் ஒப்பந்தங்களையும் வரிசையாக ஒப்பிப்பேன். இது அந்தப் புத்தகத்தில் இல்லை. நாங்கள் யார் என்பதில் நாடு மனம் மாறிய ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் சேர்ந்த வகுப்பு மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு உரியது என்று ஆசிரியை மறுநாள் சங்கடத்தோடு சொன்னார். அதே வயிற்றில் பிறந்தவள் நான் என்று எப்படிச் சொன்னாலும் அது எனக்கே பொய் போலக் கேட்டது.

என் பத்திரத்தில் மலாய்க்காரர் என்று திருத்த மனுப் போட்டோம். முஸ்லிமாக இருந்து மலாய் பேசுகிறவர்தான் சட்டப்படி மலாய்க்காரர். அத்தா அதிகாரி முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டும். வீட்டில் என்ன மொழி என்று கட்டாயம் கேட்பார்கள் எனத் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். 'மலாய், துவான்' என்று மரியாதையாகச் சொல்லும்படி மூன்று நாள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சொங்கோக் தொப்பி அணிந்த அதிகாரி, எதிர்பார்த்தபடியே, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அத்தா என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்லட்டும்?"

அதைத் தமிழில் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி பேனாவை வைத்தார். பிறகு, தலை நிமிராமல், சுத்தமான தமிழில் சொன்னார்: "பாய், இப்ப நீங்க பேசுனது என் காதுல விழல. மறுபடி கேக்கறேன்."

அவரும் எங்களைப் போன்றவர்தான். அத்தா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மலாய்னு சொல்லுங்கத்தா" என்றேன். அதையும் தமிழில்தான் சொன்னேன்.

அதிகாரி மறுபடி மலாயில் கேட்டார். வாழ்நாள் முழுக்கக் கவுண்டருக்குக் கவுண்டர் தலையாட்டிய மனிதர், அன்று ஆட்டவில்லை.

"தமிழ், துவான்" என்றார்.

மனு தள்ளுபடியானது. அந்த வருடமே பிறை என்ற ஊரில் ஒரு ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அத்தாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. என் படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டவர் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் வீட்டிலும் தமிழ்தான். அவர் பத்திரத்தில் மட்டும் மலாய்.

தொண்ணூறுகளில் மகள் பிறந்தாள். பதிவு செய்யப் போனபோது அத்தாவும் வந்தார், பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் காதில் தமிழில் ஏதோ முணுமுணுத்தபடி. கவுண்டரில் இருந்த பெண் கணவரின் பத்திரத்தைப் பார்த்து, "மலாய், சரிதானே?" என்று கேட்டாள். அத்தா முணுமுணுப்பதை நிறுத்தினார். என்னைத்தான் பார்க்கிறார் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.

நான் தலையாட்டினேன்.